தெற்குப் பார்த்த குழாய்

ரங்கராஜுக்கு இரண்டு தொழில். சாதாரண நாளில் தறி, தேர்தல் வந்தால் வாய். அவன் நெய்த சேலையை ஒரு வெளுப்புக்கு மேல் யாரும் பாராட்டியதில்லை. வாய் அப்படியில்லை. அருப்புக்கோட்டையில் யார் பேசினாலும் ஒருமுறை கேட்டால் போதும், மறுநாள் அந்தக் குரலை அப்படியே திருப்பித் தருவான். பால்காரர், பஸ் கண்டக்டர், ஜவுளிக்கடை முதலாளி, செத்துப்போன சித்தப்பா. சித்தப்பா குரலைச் சித்தி முன்னால் போட்டுக்காட்டி விளக்குமாற்றால் வாங்கினான். அடித்து முடித்த சித்தி மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை பேசு" என்றாள்.

சொந்தக் குரல்தான் சுமார். எண்ணெய் காணாத ராட்டை மாதிரி கீச்சென்று இருக்கும். அந்தக் குரலை உலகத்தில் ரசித்தது ஒரே ஓர் ஆள், அவனுடைய எட்டு மாதத்து மகள். அவன் தறிக்குழியிலிருந்து கீச்சென்றால் தொட்டிலிலிருந்து அவளும் கீச்சென்பாள். கங்கம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். அவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். வாசலைத் தாண்டினால்தான் தமிழ்.

எழுபதாம் வருஷத்துப் பஞ்சாயத்துத் தேர்தலில், ஓடைப்பட்டி பிரசிடென்டை எதிர்த்து நின்றவர் வீரசோழன் ஊர் ஹனீபாவிடம் மைக் செட்டை வாடகைக்கு எடுத்தார். பேட்டரி ஒன்று, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, குழாய் இரண்டு, ரங்கராஜ் ஒன்று. ஹனீபா அவனையும் சாமான்களோடு சேர்த்துத்தான் ஏற்றி இறக்குவான்.

ஓடைப்பட்டி பிரசிடென்ட் சின்னத்துரைக்குக் குரல்தான் சொத்து. வெண்கலக் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். அவர் களத்துமேட்டில் நின்று மாட்டைத் திட்டினால் பக்கத்து ஊர் மாடு நிற்கும். ஆனால் அந்தத் தேர்தலுக்கு அவர் வெளியே வரவில்லை. ஒரு கூட்டமும் போடவில்லை. 'ஜெயிச்சுருவோம்கிற திமிரு' என்று ஊர் பேசிக்கொண்டது. ரங்கராஜுக்கு அது கொண்டாட்டம். அவர் வாயைத் திறக்காத வருஷத்தில் அவர் வாயாக இவன் இருந்தான்.

மேடையேறியதும் இரட்டை மடிப்புத் துண்டைத் தோளில் போடுவான், வயிற்றைத் தள்ளுவான், அவ்வளவுதான். "எம் மக்களே! போன தடவை கண்மாயைத் தூர் வாருறேன்னு சொன்னேன். வாரினேனா இல்லையா? மண்ணை வாரினேன். எங்க கொண்டுபோய்ப் போட்டேன்னு கேக்காதீக, எம் புது வீட்டு மேல சத்தியமாச் சொல்லமாட்டேன்!" கூட்டம் தரையில் உருளும்.

மாசிமாதம் ஓடைப்பட்டிக் கூட்டத்தன்று, டீக்கடையில் ஒருவர் பழைய கதை ஒன்றை ரங்கராஜின் காதில் போட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சின்னத்துரை தோட்டத்தில் கிணறு வெட்டினார்கள். அடியில் பாறை. பாறைக்கு வெடி வைத்து, திரியின் நுனியை மேலே கொண்டுவந்திருப்பார்கள். மேட்டில் நிற்கிறவர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஆள் ஏறியாச்சு, வை தீயை" என்று குரல் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் தீ. அன்றைக்குக் குரல் வந்தது, தீ வைத்தார்கள். சந்தனம் என்கிற ஆள் இன்னும் உள்ளேதான் இருந்தான். 'நான் குரல் கொடுக்கவே இல்லை' என்றார் சின்னத்துரை. தீ வைத்தவன், 'பிரசிடென்ட் குரல் எனக்குத் தெரியாதா?' என்று அழுதான். ஊர் இருவருக்கும் தலையாட்டியது. சந்தனத்தின் மனைவி மாரிக்கனி யாரிடமும் வழக்குக்குப் போகவில்லை. மொட்டைப்பனை முனியசாமி முன்னால் போய், ஒரு காசைக் கல்லில் வைத்து உளியால் இரண்டாக வெட்டிப் போட்டாள். "அந்தச் சொல்லைச் சொன்ன தொண்டையை நீ பாத்துக்க."

அந்தப் பக்கத்தில் காசு வெட்டிப் போட்டால் போட்டதுதான். தப்புச் செய்தவர் தன் வாயால் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால், வெட்டியவள் இரண்டு துண்டையும் எடுத்து மஞ்சள் துணியில் சேர்த்து முடிந்து தண்ணீரில் போடுவாள். அதோடு தீரும். இல்லாவிட்டால் தீராது.

ரங்கராஜுக்கு மனசு இளகிவிட்டது. இளகினால் அவனுக்கு ஒரே வழிதான் தெரியும், கேலி. பொய்யாக ஒருத்தன் மன்னிப்புக் கேட்டால், நிஜமாகக் கேட்காதவர் முகத்தில் கரி பூசின மாதிரிதானே என்று கணக்குப் போட்டான்.

அன்று சாயங்காலம் மேடையில், எல்லாம் முடிந்த பிறகு, குரலைத் தாழ்த்தினான்.

"தாயி, மாரிக்கனி. ஆள் ஏறியாச்சுன்னு சொன்னது இந்த வாய்தான். உன் தாலியை அறுத்தது இந்த வாய்தான். நான் பொய் சொன்னேன் தாயி. என்னை மன்னிச்சிரு."

சொல்லிக்கொண்டே முட்டி போட்டான். கண்ணைத் துடைத்துத் துண்டைப் பிழிந்தான். ஓரக்கண்ணால் கூட்டத்தைப் பார்த்து, ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துகிற மாதிரி சாடை காட்டினான். ஒரு நொடி கப்சிப்பென்று இருந்த கூட்டம், அந்தச் சாடையைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தது.

குழாய்க்குச் சாடை தெரியாது. மைக் அவன் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது, கூட்டம் மைக்குக்குப் பின்னால் இருந்தது. அதனால் சிரிப்பும் அதில் ஏறவில்லை. ஹனீபா ஒரு குழாயைத் தெற்கே பார்த்துக் கட்டியிருந்தான். 'நரிமேட்டுலயும் ஓட்டு இருக்குல்ல?' வாடைக்காற்றும் அன்றைக்குத் தெற்கே போயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டைத் தாண்டி, நரிமேட்டில் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்த மாரிக்கனிக்குச் சொல் மட்டும் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் உச்சிவேளை. ரங்கராஜ் தறியில் இருந்தான். தொட்டிலில் மகள் விழித்து முனகினாள். இவன் வழக்கம்போல, "ஏ குட்டி, எந்திரிச்சிட்டியா?" என்று கன்னடத்தில் கேட்டான்.

வெண்கலக் குடத்துக்குள்ளிருந்து வந்தது அந்தக் கேள்வி.

குழந்தை வீலென்று அழுதது. அடுப்படியிலிருந்து ஓடி வந்த கங்கம்மாள், வீட்டுக்குள் யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டதாக நினைத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்புறம் தறிக்குழியில் தன் புருஷன் மட்டும் இருப்பதைப் பார்த்தாள்.

"ஏங்க, கேலியை வாசலோட வச்சுக்கங்க. பிள்ளை பயப்படுது."

"கேலி இல்லடி" என்றார் பிரசிடென்ட் சின்னத்துரை, சுத்தமான கன்னடத்தில். அவருக்கு ஆயுளில் ஒரு வார்த்தை கன்னடம் தெரியாது.

கங்கம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள்.

ரங்கராஜ் தொண்டையைச் செருமினான். பனங்கற்கண்டு, மிளகு, சுக்கு எல்லாம் தின்றான். வேறு குரல்கள் வருகின்றனவா என்று பார்த்தான். பால்காரர் வரவில்லை, கண்டக்டர் வரவில்லை, சித்தப்பாவும் கைவிட்டுவிட்டார். விருதுநகர் டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அருமையான தொண்டை. பாட்டுக் கத்துக்கலாமே" என்றார். இருமினால்கூட சின்னத்துரை இருமினார். ராத்திரி தூக்கத்தில் அவன் பேசியதாகவும், அது கன்னடம் இல்லை என்றும் கங்கம்மாள் சொன்னாள். என்ன பேசினேன் என்று அவன் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "ஆள் ஏறியாச்சு, ஆள் ஏறியாச்சுன்னு."

நாலாம் நாள் ஹனீபா வந்தான். வாசலில் நின்றபடியே, "ஏலே ரங்கா, சேதி தெரியுமா? அந்த மாரிக்கனி அக்கா முனி கோயிலுக்குப் போயி காசை எடுத்திருச்சாம். பிரசிடென்ட் மன்னிப்புக் கேட்டுட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லுது" என்றான்.

"எப்ப எடுத்துச்சு?"

ஹனீபா திரும்பித் தெருவைப் பார்த்தான். சின்னத்துரை எங்கே நிற்கிறார் என்று தேடினான்.

"நான்தான்லே கேட்டேன்."

"விளையாடாத."

"எப்பன்னு சொல்லு."

"கூட்டத்துக்கு மறுநா. உச்சிப் பொழுது." ஹனீபா ரங்கராஜின் வாயையே பார்த்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான். "யா அல்லா. ஏலே, எடுத்த காசை அது தண்ணியில போடலையாம். ஐப்பசி மழைதான் பொய்ச்சுப்போச்சே, கண்மாயில ஏது தண்ணி? மழை பேஞ்சதும் போடுறேன்னு இடுப்புல முடிஞ்சு வச்சிருக்காம்."

அதுதான் தப்பு. தண்ணீரைப் பார்க்காமல் காசை எடுக்கக்கூடாது. கோயிலை விட்டுக் கிளம்பின சாபம் தண்ணீருக்கும் போய்ச் சேராமல் நடுவழியில் நிற்கிறது. நிற்கிறதற்கு ஒரு இடம் வேண்டாமா? மன்னிப்புக் கேட்ட வாய் எதுவோ, அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

"போயி, 'சொன்னது நான், சும்மா கேலிக்குச் சொன்னேன்'னு சொல்லிரு. காசைத் திருப்பி அங்கயே வச்சிரும். உனக்கு உன் ராட்டைக் குரல் வந்துரும்" என்றான் ஹனீபா.

பந்தல்குடி வரை பஸ், அப்புறம் நடை. நரிமேட்டில் மாரிக்கனி குடிசை வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் மஞ்சள் முடிச்சு தெரிந்தது. அதைப் பார்த்ததும் ரங்கராஜின் தொண்டைக்குள் எதுவோ அசைந்து படுத்தது.

"யாரு தம்பி? என்ன வேணும்?"

வாயைத் திறக்கப் போனவனுக்கு அப்போதுதான் உறைத்தது. திறந்தால் இவளிடம் பேசப்போவது யார்? 'நான் பிரசிடென்ட் இல்லை' என்பதைப் பிரசிடென்ட் குரலில் எப்படிச் சொல்வது? வாயைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டினான்.

"வாயில்லாப் பிள்ளையா? அடப் பாவமே. உக்காரு ராசா."

ஊருக்கெல்லாம் வாயாக இருந்தவன் ஊமையாக உட்கார்ந்து ஒரு கும்பா கம்மங்கூழ் குடித்தான். தொட்டுக்கொள்ள வெங்காயமும் கிடைத்தது. ஊமை எங்கே போய்ச் சொல்லப்போகிறான் என்ற தைரியத்தில் அவள் மனசைத் திறந்தாள்.

"ஆறு வருசமாப் படுக்கலை தம்பி. சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டேதான் தூங்குவேன். படுத்தா, கெணத்துக்குள்ள அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்குறாப்ல இருக்கும். மேல வட்டமா வானம் தெரியும். ஒரு தலை எட்டிப் பாக்குமான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். பாக்கவே பாக்காது. அன்னைக்கு அவுக மன்னிப்புக் கேட்டாக பாரு, அன்னைக்குத்தான் காலை நீட்டிப் படுத்தேன். விடிஞ்சது தெரியலை." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பெரிய மனுசன்தான். ஊரறியக் கேட்டாகல்ல?"

ரங்கராஜ் கும்பாவைக் கழுவி வைத்துவிட்டுக் கும்பிட்டான். திரும்பி நடந்தான்.

"சொன்னியாலே?" என்றான் ஹனீபா.

"கூழு நல்லாருந்துச்சு" என்றார் சின்னத்துரை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஓடைப்பட்டியிலிருந்து ஒரு ஆள் வந்தான். பிரசிடென்ட் கூப்பிடுகிறார். உதைதான் என்று நினைத்து, உள்ளுக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு ரங்கராஜ் போனான்.

சின்னத்துரை கட்டிலில் படுத்திருந்தார். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் உட்காரச் சாடை காட்டினார். அவர் பேசியது காது மடலில் காற்றுப் பட்டமாதிரிதான் இருந்தது. குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"தை மாசத்துலருந்து குரல் இல்ல. யாருக்கும் சொல்லலை. அன்னைக்குச் சன்னல் வழியா கேட்டேன். நாந்தான் பேசுறேன்னு நெனச்சேன். எந்திரிச்சு உக்காந்து வாயைத் தொட்டுப் பாத்தேன். மூடித்தான் இருந்துச்சு."

"ஐயா, கேலிக்குச் சொன்னது. மன்னிக்கணும்" என்றான் ரங்கராஜ்.

கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு ரங்கராஜிடம் வந்து அவன் பாதத்தில் தலையை வைத்துப் படுத்தது. கட்டிலில் கிடந்தவர் அதைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை.

"அது என் குரல்" என்றார் காற்றாக.

"எடுத்துக்கங்க ஐயா. எம் பிள்ளை எங்கிட்ட வரமாட்டேங்குது."

கழுத்துத் துணியைத் தளர்த்திக்கொண்டார். பிறகு அவர், "ஆறு வருசமா நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுப்பா. சொன்னா கேசு, பதவி, மானம்னு முழுங்கிட்டேன். இப்பச் சொல்லணும்னா குரல் இல்ல. நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு அந்தப் பொம்பளையை முனி கோயிலுக்கு வரச் சொல்லியிருக்கேன். நான் நின்னு வாயை அசைக்கேன். நீ பனைக்குப் பின்னாடி நின்னு குரல் குடு. அன்னைக்குச் சொன்னதையே சொல்லு. நல்லாத்தான் சொன்ன" என்றார்.

மொட்டைப்பனை ஓடைக்கரையில் ஒற்றையாக நிற்கும். இடி விழுந்து தலை போனது. சுற்றிலும் வேலிக்கருவை, வெடித்த கரிசல். உச்சிவேளையில் அங்கே நிழல் என்று ஒன்று கிடையாது. பனைக்குப் பின்னால் ஒரு ஆள் ஒளிவது கஷ்டம், ஆனால் ரங்கராஜ் ஒல்லியில் பாவு நூலுக்குச் சித்தப்பா மகன்தான். ஒட்டிக்கொண்டான். சின்னத்துரையைக் கைத்தாங்கலாக நிறுத்திவிட்டு ஹனீபா தள்ளிப் போனான். மாரிக்கனி வந்தாள். காற்று நின்றிருந்தது.

சின்னத்துரையின் உதடு அசைந்தது. ரங்கராஜ் மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

"தாயி, மாரிக்கனி..."

கீச்சென்று வந்தது. எண்ணெய் காணாத ராட்டை. அவனுடைய சொந்தக் குரல்.

திகைத்து வாயை மூடினான். பனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு சத்தம் வந்தது. தகரத்தில் ஆணியை இழுக்கிற மாதிரி, அறுந்து அறுந்து.

"நான் எட்டிப் பாக்கல." அதைச் சின்னத்துரைக்கு ரங்கராஜ் எழுதித் தரவில்லை. எந்த டீக்கடையும் தரவில்லை. "ஆள் ஏறியாச்சுன்னு சொன்னேன். வெயிலா இருந்துச்சு, தள்ளி நெழல்ல நின்னுட்டேன். எட்டிப் பாக்காமயே சொன்னேன். சந்தனம் கீழதான் நின்னிருக்கான். பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மாரிக்கனி அசையவில்லை.

"அன்னைக்குக் கேட்டது இந்தக் குரல் இல்லையே" என்றாள்.

இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அது நல்லாப் பேசுச்சு. இது..." சரியான சொல்லைத் தேடினாள். "எட்டிப் பாக்கலைன்னு அது சொல்லலை." பிறகு பனையைப் பார்த்து, "யாரது பின்னாடி?" என்றாள்.

ரங்கராஜ் வெளியே வந்தான்.

"அட, ஊமை!"

முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். மூவரும் பின்னால் போனார்கள். கண்மாய்ப் பக்கம் போகவில்லை. சின்னத்துரை தோட்டத்தில் அந்தக் கிணற்றைச் சந்தனம் செத்த அன்றோடு முள்வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். முள்ளை அவளே ஒதுக்கினாள். அந்த வறட்சியிலும் அடியில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. எட்டிப் பார்த்தாள். நன்றாக, வெகுநேரம் பார்த்தாள். பிறகு முடிச்சை விட்டாள்.

விழுந்த சத்தம் வரவில்லை. காத்திருந்தார்கள். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது. வெகுதூரத்தில், காற்று வாக்கில் கேட்கிற மாதிரி, ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம். ரங்கராஜுக்கு ஒவ்வொரு சிரிப்பும் தெரிந்திருந்தது. முன்வரிசையில் இருமிக்கொண்டே சிரித்த பெரியவர்கூட அதில் இருந்தார். ஏறி வந்து, கிணற்று விளிம்பைத் தொட்டதும் நின்றுவிட்டது.

மாரிக்கனி அவன் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்குச் சிரிச்சாகளா?"

பொய் சொல்ல எத்தனையோ குரல் வைத்திருந்தவன்தான். "சிரிச்சாக தாயி" என்றான், ராட்டைக் குரலில்.

"எனக்குக் கேக்கலை" என்றாள். அப்புறம், "நல்லவேளை" என்றாள்.

சின்னத்துரை கிணற்று மேட்டில் கைகூப்பியபடியே நின்றார். அவள் அவரைக் கடந்து போகும்போது, "வெயில்ல நிக்காதீக. வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் தேர்தலில் யார் ஜெயித்தார் என்பதைச் சொல்லலாம். ஆனால் கண்மாய் இன்றைக்கும் தூர் வாரப்படவில்லை, அதனால் யாராக இருந்தால் என்ன?

ரங்கராஜ் கடைசி பஸ்ஸைப் பிடித்து, தெருமுனையிலிருந்தே ஓடினான். விளக்கு வைக்கிற நேரம். கங்கம்மாள் மடியில் மகள் விழித்திருந்தாள். முன்னால் மண்டிபோட்டு, மூச்சு வாங்க, "ஏ குட்டி" என்றான், கீச்சென்று.

குழந்தை அவனை உற்றுப் பார்த்தது. உதடு பிதுங்கிற்று. வீலென்று அழுதது.

"இத்தனை நாள்ல அந்தக் குரலு அதுக்குப் பழகிப்போச்சுங்க" என்றாள் கங்கம்மாள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல். "நேத்து ராத்திரி நீங்க இருமினப்பக்கூடச் சிரிச்சுச்சு. அந்தக் குரல்ல ஒருதடவை கூப்பிடுங்களேன்."

வயிற்றைத் தள்ளிப் பார்த்தான். துண்டைத் தோளில் போட்டுப் பார்த்தான். வரவில்லை. பால்காரர் வந்தார், கண்டக்டர் வந்தார், சித்தப்பாவும் திரும்பி வந்துவிட்டார். சின்னத்துரை மட்டும் அன்றோடு வரவேயில்லை.

கீச்சென்றுதான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். அழுது ஓய்ந்த குழந்தை ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. ஆனால் முகத்தை அவனிடம் திருப்பவில்லை. அவன் தோளுக்கு மேலாக, இருட்டிக்கொண்டிருந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அங்கே யாரோ கூப்பிட்ட மாதிரி, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.